ஆறு மனைவிகளின் கணவன்

அத்தியாயம் 3

“எங்கம்மா குரல் நாளைக்குக் காலையில பத்தரை மணிக்குச் சாகப் போகுது சார்” என்றாள் சுபாஸ்ரீ. “அம்மா செத்து பத்து மாசம் ஆச்சு.”

அவள் அழவில்லை. அதனால் பொன்னுராஜ் பேனாவை எடுத்தான்.

சனிக்கிழமை, காலை ஒன்பதரை. தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மிக்ஸி ரிப்பேர் கடையின் மாடியில் இருந்தது அவனுடைய துப்பறியும் அலுவலகம். கீழே ஒரு காலி ஜார் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

சுபாஸ்ரீயின் அப்பா சுருளிவேலுக்குப் போடியில் ஏலக்காய் கமிஷன் கடை. அம்மா பவானி கடைசி இரண்டு மாதம் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கிருந்து கடைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். சாப்பிட்டீகளா. மோட்டாரை அணைச்சீகளா. மொத்தம் நாற்பத்து மூன்று. எல்லாம் அப்பாவின் போனில் இருந்தன.

“வேற எதுலயும் அம்மா குரல் இல்லையா? கல்யாண வீடியோ?”

“அதுல சினிமாப் பாட்டுதான் சார் ஓடுது.”

அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். தாடி வைத்த ஓர் இளைஞன், வெள்ளைச் சட்டை, தாழ்ந்த பார்வை. பெயர் கார்த்திக்ராஜ். ‘முப்பத்தோரு வயதில் மனைவியை இழந்தேன். இருபத்தொரு நாளில் எழுந்தேன். என் அனுபவம், உங்கள் மருந்து.’ பாடத்தின் பெயர் ‘மறுபடி விடியும்’. தினம் ஓர் ஆடியோ.

“ஒன்பதாம் நாள் பாடம், பரிதாபப்படுறவுகளோட பேசாதே. அன்னையிலருந்து அப்பா என்கிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் பேசல. நாளைக்கு இருபத்தோராம் நாள். வைகை அணைக்கிட்ட ஒரு மண்டபத்துல எல்லாரும் கூடுறாக. அதுக்குப் பேரு ஒப்படைப்பாம். செத்தவுக குரல், போட்டோ எல்லாத்தையும் அவரோட ஆன்லைன் பெட்டகத்துல ஏத்திட்டு, போன்ல இருக்குறத அழிக்கணும். பாரம் இறங்குமாம்.”

“ஒரு காப்பி எடுத்துக்க வேண்டியதுதானே ஆத்தா?” என்றார் அம்மாவாசி.

அம்மாவாசி பொன்னுராஜின் உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு. பதினோரு வருடம் குமுளி ரோட்டில் ஜீப் ஓட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் இங்கே சேர்ந்தவர்.

“போன இடுப்புலயே கட்டியிருக்காகண்ணே. கேட்டா, நீ என் பாரத்த ஏத்துறேன்னு எழுதிக் காட்டுறாக.”

“சாவுக்கு டியூஷனா? எங்கூர்ல ஒரு பந்தலப் போட்டா நாலு கிழவி வந்து ஓசியில நடத்திட்டுப் போகும்.”

“இந்த ஆள் இதுக்கு முன்னால என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்?” என்று கேட்டான் பொன்னுராஜ்.

“‘உங்கள் அனுபவத்தைப் பாடமாக்கி விற்பது எப்படி’ன்னு ஒரு கோர்ஸ் போட்டார் சார். ஒருத்தரும் வாங்கல.”

“ஏனாம்?” என்றார் அம்மாவாசி.

“விக்க அவன்கிட்ட அனுபவம் இல்லை” என்றான் பொன்னுராஜ்.

சுபாஸ்ரீ ஒரு பென் டிரைவை மேஜையில் வைத்தாள். தினமும் காலை ஐந்து மணிக்கு அப்பா பாடத்தைச் சத்தமாகப் போடுவார். அதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பதிவு செய்திருந்தாள். இருபது பாடங்கள்.

“நான் சொன்னா நம்ப மாட்டாக. அவுக கண்ணு முன்னாடி நடக்கணும். நாளைக்குப் பத்தரைக்குள்ள.”

*

மதியம் ஒரு மணிக்குப் பொன்னுராஜ் காதிலிருந்து ஒயரை எடுத்தான். வாயில் துரு மாதிரி ஒரு ருசி.

“அண்ணே, இவனுக்கு எத்தனை மனைவி செத்தாங்க?”

“ஒண்ணுதானே சார்?”

“இரண்டாம் நாள், கருப்பட்டிக் காப்பி இல்லாமல் அவள் எழுந்திருக்க மாட்டாள். ஐந்தாம் நாள், காப்பி வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டும். ஏழாம் நாள், என் கையால் கொள்ளி வைத்தேன். பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். பதினான்காம் நாள், அவளுக்கு சைக்கிள்கூடத் தெரியாது. பதினாறாம் நாள், ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறாள்.”

அம்மாவாசி விரல்களை மடக்கினார். “ஆறு தேறுது சார். ஒண்ணக் கட்டியே எனக்கு மண்ட வழுக்கையாயிருச்சு. இவனுக்குத் தாடி வேற.”

“இருபது பாடத்திலும் அவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ‘அவள்’ மட்டும்தான்.”

“ஏன்?”

“கேட்கிறவன் அந்த இடத்தில் தன் மனைவி பெயரைப் போட்டுக்கொள்ள.”

பன்னிரண்டாம் பாடத்தை மறுபடி ஓடவிட்டான். கார்த்திக்ராஜின் குரல் கமறியது. ‘அவள் காலேஜ் டூர் போனபோது அனுப்பிய மெசேஜ். இதுதான் அவள் சிரிப்பு.’ பிறகு ஒரு பெண் சிரித்தாள். மழை, எஞ்சின் உறுமல். பின்னால் இன்னொரு பெண்: ‘மூக்குப்பொடி தடவுனியாடி காலுல?’ ஓர் ஆண் குரல், ஏறச் சொல்லி மலையாளத்தில்: ‘கேறிக்கோ, கேறிக்கோ!’ இரண்டு தடவை அழும் குழந்தை மாதிரி ஒரு ஹாரன்.

அம்மாவாசி எழுந்து நின்றுவிட்டார்.

“டூர் போற காலேஜ் பிள்ளைக காலுல மூக்குப்பொடி தடவுமா சார்? அது அட்டை கடிக்காம இருக்க. ஏலக்காட்டு வேலைக்குப் போற பொம்பளைக தடவுறது.”

“அந்த ஹாரன்?”

“தங்கபாண்டி ஜீப்பு. கூடலூர். அந்த ஹாரனக் கேட்டு மாடு மிரண்டு, எம் பம்பர நசுக்கிருச்சு. செத்தாலும் மறக்க மாட்டேன்.”

“வண்டியை எடுங்க.”

*

கூடலூரில் தங்கபாண்டி சிரிப்பை ஒரே தடவை கேட்டான்.

“நம்ம சண்முகத்தாயில்ல? போன வருசம் ரெண்டு நாள் காய்ச்சல்ல போயிருச்சே. அந்தா, பங்ச்சர் கடை. புருசன் வேல்பாண்டி.”

வேல்பாண்டி ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். பொன்னுராஜ் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டி ஒலியைப் போட்டான். டியூப் கையிலிருந்து நழுவியது.

“இன்னொரு தடவ போடுங்க சார்.”

போட்டான். நான்கு தடவை போட்டான்.

“இது உங்க மனைவி குரல். கார்த்திக்ராஜ் தன் மனைவி என்று விற்கிறான். தெரியுமா?”

“தெரியும் சார்.”

அம்மாவாசி பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

வேல்பாண்டி துணியில் கையைத் துடைத்தான். “சேர்றதுக்கு முன்னாடி போன்ல பேசுவாக. ஓசிதான். கதையக் கேப்பாக. நான் ஒரு புதன்கிழமை, அவ கொண்டு போற தூக்குவாளி வாசனையப் பத்திச் சொன்னேன். வியாழக்கிழம லைவ்ல அவுக பொஞ்சாதி தூக்குவாளியப் பத்தி அவுக சொன்னாக. நான் அழுதுட்டேன். நம்ம மனசு இவுகளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு.”

“அடுத்த நாளேவா?”

“ஆமா சார். அவுக பொஞ்சாதி பேரும் சண்முகத்தாய்தானாம். யார்கிட்டயும் சொல்லாதீகன்னு என்கிட்ட மட்டும் சொன்னாக.”

பொன்னுராஜ் அம்மாவாசியைப் பார்த்தான். அம்மாவாசி ஏழாவது விரலை மடக்கினார்.

“இருபத்தோராம் நாள் எல்லாத்தையும் அழிச்சீங்களா?”

“அழிச்சேன். முப்பது நாள்ல பாடம் பூட்டிரும். மறுபடி சேர்ந்தாத்தான் கேக்க முடியும். மூணு தடவ சேர்ந்துட்டேன்.” அவன் தரையைப் பார்த்தான். “பன்னெண்டாம் நாள் வரைக்கும் பொறுத்திருப்பேன். அன்னைக்கு அவ சிரிப்பா.”

கணவனிடமிருந்து வாங்கியதைக் கணவனுக்கே வாடகைக்கு விடுகிறான்.

சிரிப்பை வேல்பாண்டியின் போனுக்கு அனுப்பினான். “இது இனி உங்களுடையது. பூட்டாது. நாளைக்கு வைகை அணைக்கு வந்து இதை நாலு பேர் முன்னால் சொல்ல முடியுமா?”

வேல்பாண்டி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“வர முடியாது சார். அவன் திருடுனான்னு சொல்லணும்னா, அவ குரல அழிச்சது நாந்தான்னும் சொல்லணும். அங்கன வந்து அதச் சொல்ல எனக்கு நாக்கு வராது.”

*

வண்டி சின்னமனூரைத் தாண்டும்போது பொன்னுராஜின் போனில் அலாரம் அடித்தது. மணி 5.40. தினமும் அடிப்பதுதான். அணைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கண்ணாடியை இறக்கி, ஒரு டம்ளர் அளவு ரோட்டில் சாய்த்தான். மூடி வைத்தான்.

“தெனமும் இதே கூத்து” என்றார் அம்மாவாசி. “இருவது ரூவா பாட்டில் சார். ரோட்டுக்குத் தாகம்னு உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?”

ஏனென்று பொன்னுராஜ் எப்போதும் சொன்னதில்லை.

“சாட்சி போச்சு” என்றார் அம்மாவாசி.

“வழி கிடைச்சது. இன்று கொடுக்கிற சரக்கை நாளை மேடையில் வைப்பான். நாம் ஒன்று கொடுப்போம்.”

“நான் கொடுக்குறேன். பொய் சொல்றதுல பதினோரு வருச சர்வீஸ். செக்போஸ்ட்ல கேட்டுப் பாருங்க.”

ஒரு தென்னந்தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தி, கார்த்திக்ராஜின் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் அந்தக் கமறிய குரல். அம்மாவாசி மூக்கை உறிஞ்சினார். மனைவி மாமரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டதாகச் சொன்னார்.

“கடைசியா உங்ககிட்ட என்ன கேட்டாங்க அய்யா?”

“மாங்கா ஊறுகாய்க்கா, பழுக்க வைக்கவான்னு கேட்டா.”

“உங்க வலி இன்னும் பழுக்கல அய்யா. ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க.” இணைப்பு அறுந்தது.

“ரெண்டே நிமிசம்!” அம்மாவாசி ஸ்டியரிங்கை அடித்தார். “வீட்டுல தெரிஞ்சா எனக்கு நெசமாவே பந்தல் போட்டுருவா. அதுக்காவது ஒரு மரியாத வேணாமா?”

“அவனுக்கு மூக்கு இருக்கு அண்ணே. கலப்படத்தை எடுக்க மாட்டான்.”

பொன்னுராஜ் கதவைத் திறந்து இறங்கினான். தோப்புக்குள் இருபது மரம் தள்ளிப் போய், முதுகைக் காட்டியபடி போனைக் காதில் வைத்தான். பதினெட்டு நிமிடம். அம்மாவாசி வண்டியில் உட்கார்ந்து மணியைப் பார்த்தார்.

திரும்பி வந்தவன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் இரண்டு கையையும் கழுவினான். அப்புறம் மறுபடியும் கழுவினான்.

“எடுத்துக்கிட்டானா?”

“எடுத்துக்கிட்டான். திருப்பூரிலிருந்து பேசுகிறேன் என்றேன். என் பெயரை மாற்றிச் சொன்னேன்.”

“பொஞ்சாதி பேரு?”

“வண்டியை எடுங்க.”

*

ஞாயிறு காலை பத்து மணி. வைகை அணைப் பூங்காவுக்குப் போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே நாற்பது பேர். பெரும்பாலும் ஆண்கள். எல்லார் மடியிலும் போன் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி அமைதி. வாசலில் யாரோ சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்தார்கள்.

முன்வரிசையில் சுருளிவேல். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பக்கத்து நாற்காலியில் பொன்னுராஜ் உட்கார்ந்தான்.

“உங்க மகள் அனுப்பினாங்க.”

சுருளிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்க பேச வேண்டாம். ஏலக்காய் வியாபாரி நீங்க. சாம்பிள் பார்க்காமல் மூட்டை எடுக்க மாட்டீங்க. இது சாம்பிள்.” ஒட்டிய கவர் ஒன்றை அவர் கையில் வைத்தான். “அவர் அலாரம் பற்றிப் பேசினால் பிரியுங்க. பேசவில்லை என்றால் கிழிச்சுப் போடுங்க. நான் போயிடறேன்.”

சுருளிவேல் கவரைத் தடவிப் பார்த்தார். கீழே போடவில்லை.

கார்த்திக்ராஜ் மேடைக்கு வந்தான். செருப்பில்லை. மேஜையில் விண்ணப்பங்கள் ஒரு கட்டு. மேலே இருந்ததை எடுத்துப் படித்தான்.

“சுருளிவேல் அய்யா. முதல்ல நீங்க வாங்க.”

சுருளிவேல் மேடை ஏறினார். ஒரு கையில் போன், ஒரு கையில் கவர். கார்த்திக்ராஜ் அவர் தோளில் கை வைத்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

“அய்யா அழிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னைக்குக் காலையிலதான் சொல்ற தைரியம் வந்தது.” மூன்று விநாடி நிறுத்தினான். “என் போன்ல ஒரு அலாரம் இருக்கு. சாயங்காலம் அஞ்சு நாப்பது. அவளோட மாத்திரைக்கு வச்சது. அவ போய் ரெண்டு வருசம் ஆச்சு. நான் இன்னும் எடுக்கல. அது அடிச்சதும் கை தானாப் போய் ஒரு டம்ளர் தண்ணி எடுக்கும். குடிக்க ஆளில்ல. கீழ ஊத்திடுவேன்.”

அவன் இல்லாத டம்ளர் ஒன்றை உயர்த்தி, மெதுவாகச் சாய்த்துக் காட்டினான். இரண்டாவது வரிசையில் ஒருவர் விம்மினார்.

கடைசி வரிசையில் அம்மாவாசி கல்கண்டை மெல்லுவதை நிறுத்தினார். வாய் பாதி திறந்திருந்தது. முன்வரிசையில் தெரிந்த பொன்னுராஜின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் கவர் கிழிபடும் சத்தம் மைக்கில் கேட்டது. சுருளிவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மூன்று வரிதான்: 5.40 அலாரம், கீழே ஊற்றும் தண்ணீர், ‘அவன் மனைவி பெயரைக் கேளுங்கள்.’ ஆனாலும் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தம்பி” என்றார். பன்னிரண்டு நாளாகப் பேசாத குரல், கரகரத்தது. “உம் பொஞ்சாதி பேரு என்ன?”

“அய்யா, அந்தப் பேர நான்…”

“பேருதானப்பா கேட்டேன்.”

கார்த்திக்ராஜின் கண் மேஜைமேல் இருந்த விண்ணப்பத்துக்கு ஒரு கணம் போய் வந்தது. அவரை அருகில் இழுத்து, காதோடு பேசுவதுபோலச் சொன்னான். மைக் சட்டையில் குத்தியிருந்ததை மறந்துவிட்டான்.

“பவானி. உங்க வீட்டம்மா பேரேதான் அய்யா. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். “என்கிட்ட மூக்கம்மான்னு சொன்னீகளே?”

“எனக்கு ஜெபஷீலான்னு சொன்னாரு” என்றார் ஜன்னலோரம் ஒருவர். “என் மனைவி பேரு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணினோம்.”

“என்கிட்ட பேச்சியம்மா.”

“ஏலே, என்கிட்டயும் பேச்சியம்மாதான்டா!”

பெயர்கள் வரிசை வரிசையாக எழுந்தன. பத்து, பதினைந்து. ஒவ்வொருவரும் தான் மட்டும் காத்து வைத்த ரகசியத்தைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். நிறையப் பேருக்குக் கோபம் வரவில்லை. பொது இடத்தில் வேட்டி அவிழ்ந்ததுபோல நின்றார்கள். பொன்னுராஜ் வாயைத் திறக்கவில்லை. அவனிடமும் ஒரு பெயர் இருந்தது.

“வலி எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றான் கார்த்திக்ராஜ், மைக்கில். குரலில் இப்போது கமறல் இல்லை. “அதனாலதான் கதையும் ஒண்ணா இருக்கு…”

“பழைய காயி” என்றார் சுருளிவேல். “சாக்கு மட்டும் புதுசு.” போனை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார். எட்டுப் பேர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்கள் கார்த்திக்ராஜை விட்டுப் போக மாட்டார்கள் என்று பொன்னுராஜுக்குத் தெரிந்தது. மற்றவர்களில் ஒருவர் வாசல் கதவைச் சாத்தி, குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “எல்லார் குரலையும் திருப்பிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. போலீசு வர்ற வரைக்கும் எனக்கு வேற சோலி இல்ல.”

வாசலுக்கு வெளியே சுபாஸ்ரீ நின்றிருந்தாள். ஜன்னல் கம்பி வழியாகச் சுருளிவேல் போனை நீட்டினார். முதல் மெசேஜை அழுத்தினார்.

‘ஏங்க, மோட்டார அணைச்சீகளா?’

“அணைச்சாச்சு, அணைச்சாச்சு” என்றார் சுருளிவேல், போனைப் பார்த்து. சுபாஸ்ரீ அப்போதுதான் அழுதாள்.

மேடைக்குப் பின்னால் இருந்த மணமகன் அறையில் கார்த்திக்ராஜ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பொன்னுராஜைப் பார்த்ததும் டம்ளரை வைத்தான்.

“பெட்டகத்தோட பாஸ்வேர்டு” என்றான் பொன்னுராஜ்.

அந்தக் குரலைக் கேட்டுக் கார்த்திக்ராஜின் முகம் மலர்ந்தது. “நீங்கதானே அது? திருப்பூர்? சார், சத்தியமா சொல்றேன். இது வரைக்கும் எனக்கு வந்த மெட்டீரியல்லயே அதுதான் பெஸ்ட். அந்தத் தண்ணி! நீங்களே ஒரு கோர்ஸ் பண்ணலாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தர்றேன். பாதிப் பாதி.”

பொன்னுராஜுக்குக் கோபம் வரவில்லை. பந்தியில் பாதி தின்ற இலையைத் தனக்கு நீட்டுவதுபோல இருந்தது.

“சார் படிச்சவரு, கை நீட்ட மாட்டாரு” என்றார் அம்மாவாசி பின்னாலிருந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “நான் எட்டாவது ஃபெயிலு. பாஸ்வேர்டச் சொல்றியா தம்பி?”

சொன்னான்.

*

குரல்களை எல்லாம் அவரவர் போனில் ஏற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. திரும்பும் வழியில் அம்மாவாசி ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ஒரு டீகூடக் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் இது முதல் தடவை.

5.40க்கு அலாரம் அடித்தது.

பொன்னுராஜ் அணைத்தான். பாட்டிலைத் திறந்தான். கண்ணாடியை இறக்கினான். பாட்டிலைச் சாய்க்கப் போன கை பாதியில் நின்றது. மேடையில் கார்த்திக்ராஜ் சாய்த்துக் காட்டிய அதே கோணம். அதே மெதுவு.

பாட்டிலை நிமிர்த்தினான். மறுபடி சாய்க்கப் பார்த்தான். முடியவில்லை.

அம்மாவாசி வண்டியை ஓரம் கட்டினார். கையை நீட்டிப் பாட்டிலை வாங்கி, தன் பக்கக் கதவைத் திறந்து, இருபது ரூபாய்த் தண்ணீர் முழுவதையும் தடதடவென்று ரோட்டில் கவிழ்த்தார். பாதி அவர் செருப்பிலேயே விழுந்தது.

“அவுக பேரு என்ன சார்?”

ஒரு லாரி கடந்து போகும்வரை பொன்னுராஜ் காத்திருந்தான். பிறகு சொன்னான், அம்மாவாசிக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அம்மாவாசி தலையாட்டினார். காலிப் பாட்டிலை மூடிப் பின்சீட்டில் போட்டார். வண்டியைக் கிளப்பினார்.